சின்ன லீக்கிலிருந்து வந்தவர்கள்: கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் 1950

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்குக்கு ஆணையராக இருந்த பெர்ட் பெல், சீசன் அட்டவணையைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டோமினோ கட்டைகளைப் பரப்பி வைத்துத் தானே போடுவார். 1950க்கான அட்டவணையின் தொடக்கத்திலேயே அவர் வேண்டுமென்று ஒரு வம்பை இழுத்து வைத்தார். மற்ற அணிகள் களமிறங்குவதற்கு முன்பே, செப்டம்பர் 16 சனிக்கிழமை இரவு, பிலடெல்பியாவில் ஓர் ஆட்டம். ஒரு பக்கம் 1948, 1949 என்று அடுத்தடுத்துப் பட்டம் வென்ற பிலடெல்பியா ஈகிள்ஸ். எதிரே, அந்த லீக்கில் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியிராத கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ். பார்க்க வந்தவர்கள் 71,237 பேர்.

முடிவு 35-10. ஜெயித்தது புது அணி. அன்று தொடங்கி டிசம்பர் 24இல் பட்டத்தைக் கைப்பற்றியது வரை பிரவுன்ஸின் அந்த ஆண்டுக் கதையை எளியவன் வலியவனை வீழ்த்திய கதையாகவே பலரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரவுன்ஸ் எளியவர்களே அல்ல. அந்தக் காலத்தில் அவர்களைப்போலத் தயாரிப்போடு களத்துக்கு வந்த அணி வேறு இல்லை. அது என்.எஃப்.எல்.காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

பின்னணி இது. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக ஏ.ஏ.எஃப்.சி. என்ற புது லீக்குக்கு அடித்தளம் போட்டார். அப்போதைய என்.எஃப்.எல். ஆணையர் எல்மர் லேடன், "முதலில் ஒரு பந்தை வாங்கச் சொல்லுங்கள்" என்று நக்கலடித்ததாகச் சொல்வார்கள். 1977இல் கெர்ரி பேக்கர் தனியாகக் கிரிக்கெட் தொடர் நடத்தியபோது அதை 'சர்க்கஸ்' என்று கேலி பேசினார்களே, ஏறக்குறைய அதே மனநிலை. வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், எங்கள் லீக்கின் கடைசி அணிகூட அவர்களுடைய முதல் அணியைத் தோற்கடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார். (1950இல் அவருடைய அணி பிரவுன்ஸோடு இரண்டு முறை மோதியது. 20-14, 45-21 என்று இரண்டிலும் தோற்றது.)

1946 முதல் 1949 வரை நான்கே ஆண்டுகள் நடந்த அந்த லீக்கில் நான்கு பட்டங்களும் பிரவுன்ஸுக்கே. இறுதிப் போட்டிகளைச் சேர்க்காமல் 47 வெற்றி, 4 தோல்வி, 3 சமநிலை. 1948இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த ஆதிக்கமே அந்த லீக்குக்கு எமனாகவும் ஆனது. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு யார் காசு கொடுத்து வருவார்கள்? 1946இல் பிரவுன்ஸ் தங்கள் முதல் லீக் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடியபோது 60,135 பேர் வந்தார்கள். அதே மைதானத்தில் 1949 இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் 22,550 பேர். இரண்டு லீக்குகளும் வீரர்களுக்குப் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றி, இரு தரப்பும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 1949 டிசம்பரில் சமாதானம் ஆனது. பிரவுன்ஸ், சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் ஆகிய மூன்று அணிகளை மட்டும் என்.எஃப்.எல். சேர்த்துக்கொண்டது. மற்ற அணிகள் கலைந்து, அவற்றின் வீரர்கள் சிதறினார்கள். இந்தச் சிதறலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. நூறு யார்டு நீளக் களம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதையடுத்த உதைக்கு 1. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3. பந்தோடு ஓடலாம், அல்லது முன்னோக்கி எறியலாம் (இதுதான் பாஸ்). எறிபவர் குவார்ட்டர்பேக். நாற்பதுகளில் பெரும்பாலான அணிகளுக்கு ஓட்டம்தான் சோறு. எறிவது அவசரத்துக்கு.

பால் பிரவுன் இதைத் திருப்பிப் போட்டார். அணியின் பெயரே அவருடைய பெயர்தான். ஒஹையோவின் மசில்லான் நகரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பேர் வாங்கியவர். பிறகு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம், போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சி நிலையம். வாத்தியார் குணம் கடைசிவரை போகவில்லை. தொழில்முறை வீரர்களை வகுப்பில் உட்கார வைத்து, ஒவ்வொரு ஆட்ட உத்தியையும் நோட்டில் கையால் எழுத வைத்தார். நுண்ணறிவுத் தேர்வு நடத்தினார். துணைப் பயிற்சியாளர்களுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து, ஆட்டப் படச்சுருள்களைப் போட்டுப் பார்த்து ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பெண் போட வைத்தார். களத்தில் என்ன ஆடுவது என்று குவார்ட்டர்பேக்தான் முடிவெடுப்பார் என்பது அந்தக் கால வழக்கம். பிரவுனோ, முன்வரிசையில் 'கார்டு' என்ற இடத்தில் ஆடும் இருவரை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பி, தன் உத்தரவைச் சொல்லியனுப்பினார். 1950இல் வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விதி தளர்ந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

பண விஷயத்திலும் குறையில்லை. முதலாளி மிக்கி மெக்பிரைட் கிளீவ்லேண்டில் டாக்சி நிறுவனம் நடத்தியவர். அணியின் பட்டியலில் இடம் இல்லாத, ஆனால் கைவிட மனமில்லாத வீரர்களைத் தன் டாக்சி கம்பெனி கணக்கில் சேர்த்துச் சம்பளம் கொடுத்தாராம். உபரி வீரர்களை 'டாக்சி ஸ்குவாடு' என்று அழைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

ஆட்களைத் தேர்ந்தெடுத்ததிலும் பால் பிரவுன் பெரும்பாலோருக்கு முந்தினார். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது. முதலாளிகளுக்குள் ஒரு புரிதல், அவ்வளவுதான். 1946 ஆகஸ்டில் பிரவுன், பில் வில்லிஸையும் மேரியன் மோட்லியையும் சேர்த்தார். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் களமிறங்க இன்னும் பல மாதங்கள் இருந்தன. அந்த ஆண்டு மயாமியில் நடந்த ஆட்டத்துக்கு இருவரும் போக முடியவில்லை. இனப் பிரிவினை நடைமுறையில் இருந்த ஃபுளோரிடாவில் அவர்கள் ஆடினால் விபரீதம் என்ற நிலை. மற்ற ஊர்களில் எதிரணியினர் ஆணிக் காலணியால் தன் கைகளை மிதித்ததை மோட்லி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிரவுன் சமூகச் சீர்திருத்தவாதியாகத் தன்னைக் காட்டிக்கொண்டதில்லை. மோட்லியை அவர் பள்ளிக்கால எதிரணி வீரராகவே அறிவார். வில்லிஸ் ஒஹையோ ஸ்டேட்டில் அவரிடமே ஆடியவர். ஜெயிக்க வேண்டுமானால் இவர்கள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சேர்க்காமல் இருந்தவர்கள்தான் மற்றவர்களில் பெரும்பாலோர்.

இப்போது பிலடெல்பியாவுக்குத் திரும்புவோம். ஈகிள்ஸ் பயிற்சியாளர் கிரீஸி நீல் வகுத்த தடுப்பு வியூகம் அந்தக் காலத்தில் பிரசித்தம்: முன்வரிசையில் ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர், கடைசியில் நான்கு பேர். ஓட்டத்தை அடைக்க இதைவிட நல்ல பூட்டு இல்லை. பிரவுனின் ஆட்கள் ஈகிள்ஸின் படச்சுருள்களைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். மறுபக்கத்தில் அப்படி யாரும் மெனக்கெடவில்லை. ஈகிள்ஸின் நட்சத்திர ஓட்டக்காரர் ஸ்டீவ் வான் பியூரன் காயத்தால் அன்று ஆடவில்லை என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

தொடக்கம் பிரவுன்ஸுக்கும் சரியாக அமையவில்லை. டான் ஃபெல்ப்ஸ் உதைபந்தைப் பிடித்து ஓடிப்போய் எல்லையைத் தொட்டது விதிமீறல் என்று ரத்தானது. அதே தருணத்தில் உதைப்பு வல்லுநர் லூ குரோசாவுக்கு அடிபட்டது. பிறகு பூட்டைத் திறக்கும் வேலை தொடங்கியது. டப் ஜோன்ஸ் பின்வரிசையிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, சில யார்டு ஓடித் திரும்பி நிற்பது போன்ற சின்ன ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடினார். அவரைக் கவனிக்க வேண்டிய ரஸ் கிராஃப்ட் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார். போதுமான அளவு நெருங்கியதும் ஜோன்ஸ் திரும்பவில்லை, நேராக ஓடினார். குவார்ட்டர்பேக் ஓட்டோ கிரஹாம் எறிந்த பந்து அவர் கையில் விழுந்தது. 59 யார்டு டச்டவுன். அடுத்து டான்டே லவெல்லிக்கு ஒன்று, மேக் ஸ்பீடிக்கு ஒன்று.

இன்னொரு தந்திரம் பார்வையாளர் கண்ணுக்கே தெரிந்திருக்காது. பிரவுன்ஸின் முன்வரிசைக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடையே இருந்த இடைவெளியை ஒவ்வொரு முறை வரிசைகட்டும்போதும் சில அங்குலம் அகட்டிக்கொண்டே போனார்கள். எதிரே நின்ற ஈகிள்ஸ் வரிசையும் கூடவே அகன்றது. இரண்டாம் பாதியில் நடுவில் பெரிய சந்தே உருவாகிவிட்டது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்லி அந்தச் சந்து வழியாக இறங்கினார். கிரஹாம் அன்று எறிந்து சேர்த்தது 346 யார்டு. குரோசா இல்லாததால், டச்டவுனுக்குப் பிந்தைய உதைகளை உதைத்தவர் முன்வரிசையில் நிற்கும் குண்டு மனிதர் சப்பி கிரிக். ஐந்தும் சரியாகப் போயின.

அவன் பந்தைக் காற்றில்தானே எறிகிறான், கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் போகலாம் என்று ஈகிள்ஸின் நீல், பால் பிரவுனைப் பற்றிச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கிரஹாம் உண்மையிலேயே கூடைப்பந்து ஆடியவர். ராசெஸ்டர் ராயல்ஸ் அணியோடு 1946இல் பட்டமும் வென்றவர். டிசம்பர் 3ஆம் தேதி இரு அணிகளும் கிளீவ்லேண்டில் மறுபடி சந்தித்தபோது பிரவுன் பதில் வைத்திருந்தார். அன்று முழு ஆட்டத்திலும் பிரவுன்ஸ் கணக்கில் ஒரு பாஸ்கூட இல்லை. ஓட்டம், உதை, வாரன் லார் இடைமறித்துப் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு பந்து, குரோசாவின் இரண்டு ஃபீல்டு கோல். 13-7. அறுபது நிமிடம் பந்தை எறியாமல் ஆடுவது உத்தி என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். அது வீம்பு. ஜெயித்ததால் தப்பித்தது.

பிரவுன்ஸின் உண்மையான சோதனை ஈகிள்ஸ் கையில் இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அவர்களை அக்டோபர் 1 அன்று 6-0 என்றும், அக்டோபர் 22 அன்று 17-13 என்றும் தோற்கடித்தது. பிரவுன்ஸ் தங்கள் வரலாற்றில் முதன்முறையாக ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பியது அந்த 6-0 ஆட்டத்தில்தான். ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன் ஒரு புது வியூகம் போட்டிருந்தார். முன்வரிசையில் ஆறு பேர் நிற்பதுபோல் தெரியும். பந்து அசைந்ததும் இரு ஓரத்து ஆட்களும் பின்வாங்கிப் பாஸை மறிப்பார்கள். பின்னால் நிற்கும் நால்வரோடு சேர்த்துப் பார்த்தால் விரித்த குடையைப்போல இருந்ததால் அதற்குக் குடைத் தடுப்பு என்றே பெயர்.

அந்தக் குடையின் கீழ் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். டாம் லாண்ட்ரி, ஓட்டோ ஷ்னெல்பாக்கர், ஹார்மன் ரோ: மூவரும் கலைந்துபோன ஏ.ஏ.எஃப்.சி.யின் நியூயார்க் யாங்கீஸ் அணியிலிருந்து வந்தவர்கள். நான்காமவர் எம்லன் டனல் மட்டும் ஜயன்ட்ஸின் பழைய ஆள். முன்வரிசையின் ஆர்னி வைன்மைஸ்டரும் யாங்கீஸ்காரர்தான். முந்தைய ஆண்டு மேக் ஸ்பீடி ஒரே ஆட்டத்தில் 200 யார்டுக்கு மேல் எடுத்தபோது அவரைக் காவல் காத்து அவதிப்பட்டவர் லாண்ட்ரி. ஓவன் கரும்பலகையில் வியூகத்தின் கோட்டுருவைப் போட்டுக் காட்டிவிட, நுணுக்கங்களை மற்றவர்களுக்கு விளக்கியவர் லாண்ட்ரி. பின்னாளில் டாலஸ் கௌபாய்ஸ் அணியை 29 ஆண்டுகள் நடத்திய அதே லாண்ட்ரி. ஆக, 1950இல் பிரவுன்ஸைத் தோற்கடிக்கத் தெரிந்த ஒரே அணியின் முதுகெலும்பும் அந்தச் 'சின்ன லீக்'கிலிருந்து வந்ததுதான். என்.எஃப்.எல்.லின் பழைய கைகளுக்குத் தெரியாத பாடம் இவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடிவாங்கிப் படித்த பாடம்.

இதை வைத்து ஏ.ஏ.எஃப்.சி. முழுவதும் உயர்ந்த லீக் என்று சொல்லிவிட முடியாது. கூட வந்த 49அர்ஸ் அந்த ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி. கோல்ட்ஸ் 1 வெற்றி, 11 தோல்வி. சீசன் முடிந்ததும் கடையைக் கட்டியது. பிரவுன்ஸுக்கும் பிறருடைய சரிவில் ஆதாயம் உண்டு: பஃபலோவின் கலைந்த அணியிலிருந்து ரெக்ஸ் பம்கார்ட்னர், ஏப் கிப்ரன், ஜான் கிஸல் கிடைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டான்ஸிடமிருந்து லென் ஃபோர்டு. ஃபோர்டின் முகத்தை அக்டோபர் 15 ஆட்டத்தில் சிகாகோ கார்டினல்ஸின் பாட் ஹார்டர் முழங்கையால் உடைத்தார். இறுதிப் போட்டிவரை அவர் ஆடவில்லை.

இடையில் மோட்லி தன் பங்குக்கு ஒரு நாள் கொண்டாடினார். அக்டோபர் 29, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராக 11 முறை பந்தை ஏந்தி 188 யார்டு. சராசரி 17 யார்டுக்கு மேல். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக தூரம் ஓடியவரும் அவரே, 810 யார்டு.

பன்னிரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது பிரவுன்ஸும் ஜயன்ட்ஸும் 10-2 என்று சமமாக நின்றன. எனவே இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்று தீர்க்க டிசம்பர் 17 அன்று மூன்றாவது மோதல். கிளீவ்லேண்ட் மைதானம் ஈரி ஏரிக்கரையில் இருந்தது. ஏரிக்காற்றில் தரை உறைந்து கண்ணாடியாகிவிட, இரு பக்கமும் டச்டவுனே இல்லை. நான்காவது கால்பகுதியில் ஜயன்ட்ஸின் ஜீன் ராபர்ட்ஸ் பந்தோடு பிய்த்துக்கொண்டு ஓடினார். முன்னால் யாருமே இல்லை. நடு முன்வரிசையில் நிற்கும் வில்லிஸ் பின்னாலிருந்து துரத்திப்போய் எல்லைக்குச் சில யார்டு முன்பு அவரைச் சாய்த்தார். ஜயன்ட்ஸுக்குக் கிடைத்தது மூன்று புள்ளிதான். ஏற்கெனவே ஒரு ஃபீல்டு கோல் போட்டிருந்த குரோசா, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் இன்னொன்றை உதைத்தார். கடைசியில் ஒரு சேஃப்டி (பந்தோடு இருப்பவரை அவருடைய சொந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தினால் கிடைக்கும் 2 புள்ளி). 8-3.

இறுதிப் போட்டிக்கு எதிரணி லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ். இது வேறு கணக்கு. ராம்ஸ் 1945 வரை கிளீவ்லேண்ட் அணி. அந்த ஆண்டுப் பட்டத்தை அதே ஏரிக்கரை மைதானத்தில் வென்ற கையோடு முதலாளி டேன் ரீவ்ஸ் மேற்குக் கரைக்கு மூட்டை கட்டினார். ஊரில் வருமானம் இல்லை, புது லீக்கின் பிரவுன்ஸ் வேறு கடை விரிக்கப் போகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் பொதுச்சொத்தான கொலிசியம் மைதானத்தைக் கேட்டபோது கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கொடுத்த நெருக்கடியில்தான் ராம்ஸ் 1946இல் கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்தது. என்.எஃப்.எல்.லின் நிறத்தடை உடைந்த கதை அது.

1950 ராம்ஸ் 12 ஆட்டங்களில் 466 புள்ளி குவித்த அணி, சராசரி 38.8. அந்தச் சராசரியை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. பாப் வாட்டர்ஃபீல்டு, நார்ம் வான் பிராக்ளின் என்று இரண்டு குவார்ட்டர்பேக்குகள். ஒரே சீசனில் 84 பாஸ்களைப் பிடித்த டாம் ஃபியர்ஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், குளிர், ஏரிக்காற்று. 29,751 பேர்தான் வந்தார்கள். வராதவர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

ராம்ஸின் முதல் வாய்ப்பிலேயே வாட்டர்ஃபீல்டு எறிந்ததை கிளென் டேவிஸ் பிடித்து 82 யார்டு. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிரவுன்ஸ் சமன் செய்தது, ராம்ஸ் முந்தியது. லவெல்லியின் டச்டவுனுக்குப் பிந்தைய உதையில் பந்து சரியாக வந்து சேராமல் அந்த ஒரு புள்ளி போனது. மூன்றாம் கால்பகுதியில் பிரவுன்ஸ் 20-14 என்று முந்தி, பிறகு ஒரே மூச்சில் தடுமாறியது. ராம்ஸ் ஒரு டச்டவுன் போட்டது. உடனே மோட்லியின் கையிலிருந்து நழுவிய பந்தை லாரி பிரிங்க் எடுத்துக்கொண்டு ஓடி இன்னொன்று. 28-20.

கடைசிக் கால்பகுதியில் கிரஹாம் எறிந்ததை பஃபலோவிலிருந்து வந்த பம்கார்ட்னர் பாய்ந்து பிடித்து 28-27 ஆக்கினார். கைவிட்ட அந்த ஒற்றைப் புள்ளி இப்போது குத்தியது. மூன்று நிமிடம்கூட இல்லாதபோது கிரஹாம் ஓடுகையில் பந்தைப் பறிகொடுத்தார். தலையைத் தொங்கப் போட்டு வந்தவரிடம் பால் பிரவுன் கடுகடுக்கவில்லை, கவலைப்படாதே, இன்னும் ஜெயிப்போம் என்று சொன்னாராம். கண்டிப்புக்குப் பேர்போன மனிதரிடமிருந்து வந்த அந்த வார்த்தையைக் கிரஹாம் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ராம்ஸைத் தடுத்துப் பந்தைத் திரும்பப் பெற்றபோது மிச்சமிருந்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. சொந்தப் பாதியின் 32 யார்டு கோட்டிலிருந்து கிரஹாம் முதலில் தானே ஓடி 14 யார்டு எடுத்தார். பிறகு ஓரங்களுக்கு மளமளவென்று பாஸ்கள். எல்லைக்கு 11 யார்டு தொலைவில் வந்ததும் உதைக்கு வாகாகப் பந்தை நடுவே கொண்டுவர மறுபடி ஒரு சின்ன ஓட்டம். குரோசா 16 யார்டிலிருந்து உதைத்தார். 28 விநாடி பாக்கி. 30-28. ராம்ஸின் கடைசி நீள எறிதலை வாரன் லார் மறித்துப் பிடித்தார்.

வென்ற வீரர் ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு சுமார் 1,100 டாலர்.

அடுத்த ஆண்டு ராம்ஸ் 24-17 என்று பழிதீர்த்துக்கொண்டது. கிரஹாம் ஆடியது பத்து சீசன். பத்திலும் இறுதிப் போட்டி, ஏழில் பட்டம். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு என்.எஃப்.எல்.லின் பதிவேட்டில் அவருடைய வாழ்க்கை 1950 செப்டம்பர் 16 அன்றுதான் தொடங்கியது. மோட்லி அதற்கு முன் ஓடிய 3,024 யார்டும் அப்படித்தான், கணக்கில் இல்லை. 1960களில் போட்டிக்கு வந்து இணைந்த ஏ.எஃப்.எல். லீக்கின் புள்ளிவிவரங்களை ஏற்றுக்கொண்டவர்கள் இதை மட்டும் வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏ.ஏ.எஃப்.சி.யின் நான்கு ஆண்டுக் கணக்கையும் தன் அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்துக்கொள்வதாக லீக் அறிவித்தது 2025இல்.